இடப்பக்க இருக்கை

ஜூன் 7

இல்லை, ஓட்டுவதற்கு அல்ல. சரிசெய்வதற்கு. இதையே அம்மாவிடம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "ஒரு தடவ போனது பத்தாதாடி உனக்கு?" என்றாள். அதன் பிறகு சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின.

இரண்டு கதவுக் கார். தாழ்ந்த கூரை. 1993இல் ஜப்பானில் செய்தது. ஒரு காலத்தில் சிவப்பு. கிணத்துக்கடவு தாண்டி ஒரு கொப்பரைக் கிடங்கில் பதினோரு வருடம் நின்றிருக்கிறது. ஒரு நல்ல ஸ்கூட்டரின் விலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கிடங்குக்குச் சொந்தக்காரரான தோப்புக்காரர் மேலே கிடந்த சாக்குகளை விலக்கினார். "என்ற மச்சினன் ஆசப்பட்டு வாங்குனானுங்க. ரெண்டே மாசம் ஓட்டுனான், ஆஸ்திரேலியா போயிட்டான். நீங்க எடுத்துட்டுப் போனீங்கன்னா அந்த எடத்துல நாலு மூட்ட சேத்தி அடுக்கலாம்."

ஏறி உட்கார்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் நாற்றம், எலி நாற்றம். அவர் ஜன்னலில் குனிந்து சிரித்தார்.

"ஸ்டியரிங்கு அந்தப் பக்கமுங்க."

இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். பழக்கம்.

ஜூன் 9

லாரியில் ஏற்றி ஒண்டிப்புதூருக்குக் கொண்டுவந்தாயிற்று. லிங்கண்ணன் பட்டறை. வேறு எங்கே கொண்டுபோவது?

குறித்து வைக்கிறேன், தெளிவாக. லிங்கண்ணன் சபரியின் அண்ணன். சபரி கார்ப்பந்தய ராலியில் என் ஓட்டுநர். நான்கு வருடம் அவன் வலப்பக்கம், நான் இடப்பக்கம். போன ஆகஸ்ட் பத்தாம் தேதி, கருமுட்டி எஸ்டேட் பாதையில், ஒரு வளைவில் வண்டி கீழே போனது. அவன் இறந்தான். எனக்குத் தோள் எலும்பும் இடக்கையில் இரண்டு விரல்களும் உடைந்தன. அந்த விரல்கள் இப்போது மடங்குவதில்லை.

எங்கள் காரும் இதே மாடல் என்று எழுதத் தேவையில்லை.

லிங்கண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார்.

"இதேதான் வேணுமா, அம்மிணி?"

"இதுதான் கெடச்சதுங்ணா."

டயரை உதைத்தார். பிறகு என் கையைப் பார்த்தார். எப்போதும் பார்க்கிறார். "கூலின்னு ஏதாச்சும் எடுத்து நீட்டுன, வண்டியத் தெருவுல தள்ளிருவேன். எங்க வீட்டுப் பையனால உன்ற கை போச்சு. இதாச்சும் செய்யறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

ஜூன் 14

தரைத்தகட்டில் துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தகடு பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. இடப்பக்கத் தரை அப்படியே புதிதாக இருக்கிறது. காலை முழுவதும் நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினேன்.

மதியம் லிங்கண்ணன் மனைவி மஞ்சுளாக்கா அரிசிம்பருப்பு சாதம் கொண்டுவந்தார். தட்டு வைத்துக்கொண்டே என்னிடம் முறையிட்டார்.

"வருசம் நெருங்குது. திதி குடுக்கணுமில்ல? இவரு வாயே தெறக்க மாட்டேங்கறாரு கண்ணு. தம்பி போட்டோவப் பேப்பர் சுத்தி அட்டாலி மேல தூக்கிப் போட்டு வெச்சிருக்காரு. ஒரு பூ வெக்க விடறதில்ல."

"சொன்ன பேச்சு கேக்காதவனுக்குப் பூ ஒரு கேடா?" லிங்கண்ணன் சாதத்தைப் பிசைந்தார். "பக்கத்துல ஒரு புள்ள உக்காந்து தொண்ட கிழியக் கத்தியிருக்குது. கேட்டானா? சின்னதுலருந்தே அப்படித்தான். அப்பன் சொல்லிக் கேக்கல, நான் சொல்லிக் கேக்கல. நீயே சொல்லு அம்மிணி. கத்துனதான?"

"சாதம் நல்லாருக்குக்கா" என்றேன்.

ஜூன் 15

மழை. ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 21

அம்மா கேட்டாள், "ராலில அப்படி என்னதான்டி படிப்ப அந்த நோட்டுல?" நான்கு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

சொன்னேன். போட்டிக்கு முன்தினம் இருவரும் பாதையை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு வளைவுக்கும் அவன் ஒரு எண் சொல்வான், நான் எழுதுவேன். ஒன்று என்றால் கொண்டை ஊசி. ஐந்து என்றால் ஏறக்குறைய நேர்பாதை, வேகம் குறைக்க வேண்டாம். மறுநாள் நான் வாசிப்பேன், அவன் ஓட்டுவான். மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. என் வாயிலிருந்து வருவதுதான் பாதை.

"கண்ண மூடிட்டு ஓட்டற மாதிரியில்ல?" என்றாள்.

"அப்படித்தான்."

"அந்தக் கடைசி நோட்டு?"

"காணோம். விசாரிச்சவங்களும் கேட்டாங்க. பள்ளத்துல எங்கியோ போயிருக்கும்."

கேமரா பொருத்தும் அளவுக்கு எங்களிடம் வசதி இருந்ததில்லை. அந்தக் காருக்குள் பேசியது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஜூன் 28

தரைக்குப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தாயிற்று. முன்கண்ணாடியைத் துடைத்தேன்.

ஒரு விஷயம். பதினோரு மணி வெயில். கண்ணாடியில் உள்பக்கம் நீராவி படிந்திருந்தது. வலப்பக்கம் மட்டும். ஸ்டியரிங்குக்கு நேர் மேலே, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. துணியால் துடைத்துவிட்டு வெளியே போய்த் தேநீர் குடித்தேன். திரும்பி வந்தால் மறுபடி இருந்தது.

"கார்ப்பெட்டுல தண்ணி நின்னுருக்கும்" என்றார் லிங்கண்ணன்.

கார்ப்பெட்டை இரண்டு வாரம் முன்பே உரித்துப் போட்டுவிட்டோம். அதை அவருக்கு நினைவூட்டவில்லை.

ஜூலை 5

எலிகள் வயர்களைத் தின்றிருக்கின்றன. இன்ஜினும் ஆகாது, உள்ளே பிஸ்டன் இறுகிவிட்டது. இதோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

லிங்கண்ணன் பட்டறையின் பின்பக்கம் போய் ஒரு தார்ப்பாயை இழுத்தார். அடியில் ஓர் இன்ஜின், சுத்தமாக, எண்ணெய் பூசி வைத்தது.

"அந்த வண்டியோடது. அடி முன்னால படல, பக்கத்துலதான பட்டுச்சு. இரும்பு என்ன பாவம் பண்ணுச்சுன்னு எடுத்து வெச்சேன்."

ஒரு மரப்பெட்டியிலிருந்து இன்னொன்றும் எடுத்தார். எங்கள் இண்டர்காம். இன்ஜின் சத்தத்தில் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்பதற்காக இருக்கைகளுக்கு நடுவே வைப்பது. கருப்புப் பெட்டி, இரண்டு ஹெட்செட்டுகள். சபரியுடையதில் பஞ்சு கிழிந்து, அவனே இன்சுலேஷன் டேப் சுற்றியது.

"இதையும் மாட்டிரு. ஒரு வண்டின்னா முழுசா இருக்கோணும்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 8

இண்டர்காமுக்குப் பாட்டரி கொடுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. மதியம். லிங்கண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். வண்டி நான்கு ஸ்டாண்டின் மேல், சக்கரங்கள் தரையில் படாமல். இன்ஜின் இன்னும் ஏற்றவில்லை. இடப்பக்கம் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினேன்.

முதலில் இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள் ஓர் ஒழுங்கு. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே.

என் மூச்சு என் ஹெட்செட்டில் கேட்கிறது, அவ்வளவுதான். மூச்சை அடக்கினேன்.

உள்ளே, வெளியே.

வலப்பக்க ஹெட்செட் காலியான இருக்கையின் மேல் கிடந்தது.

ஜூலை 9

லிங்கண்ணன் கேட்டுப் பார்த்தார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஒரு நிமிடம்.

"எர்த் சரியில்ல. வயர்ல ஈரம்."

வயரை மாற்றினார். சரியாகிவிட்டது என்று நானும் சொன்னேன்.

சரியாகவில்லை.

ஜூலை 13

புறப்படும் கோட்டில் ஐந்து விநாடி எண்ணுவார்கள். ஐந்து, நான்கு, மூன்று. இரண்டில் சபரி ஒரு மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துவான். என் முதல் சொல் வரும் வரை விடமாட்டான். வேறு எந்த ஓட்டுநரும் அப்படிச் செய்து நான் கேட்டதில்லை.

இன்று மதியம் ஹெட்செட்டில் மூச்சு உள்ளே போனது. நின்றது.

வெளியே வரவில்லை. பத்து விநாடி. இருபது. யாரோ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது போன்ற அமைதி. தாங்க முடியவில்லை.

"நேர் எண்பது, வலது நாலு" என்றேன். கருமுட்டிப் பாதையின் முதல் வரி: எண்பது மீட்டர் நேர், பிறகு வலப்பக்க வளைவு.

மூச்சு வெளியே வந்தது.

பன்னிரண்டு பக்கம் வாசித்தேன். நினைவிலிருந்து. பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டேன்.

ஜூலை 14

நினைவிலிருந்து அல்ல. நோட்டு என் அலமாரியில் இருக்கிறது, மூன்றாவது தட்டில், குளிர்காலப் போர்வைக்கு அடியில். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாசித்தேன்.

ஜூலை 19

கிளட்ச் பிளேட் வந்துவிட்டது. பிரேக் ஆயில் மாற்றினோம். நான் பெடலை மிதித்து மிதித்து விட, அவர் சக்கரத்தடியில் பிரேக் குழாயின் காற்றை வெளியேற்றினார். "மிதி. புடி. விடு. மிதி." மூன்று மணி நேரம் நான் அவர் சொன்னதைச் செய்தேன். அதில் ஒரு சுகம் இருக்கிறது. ஒருவர் சொல்வதை யோசிக்காமல் செய்வதில்.

மாலையில் அவர் கேட்டார், "மத்தியானம் ஸ்டியரிங்க யாரு திருப்புனது? நேரா வெச்சுட்டுத்தான சோத்துக்குப் போனேன்?"

"நான்தாங்ணா."

மடங்காத விரல்களோடு நான் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று அவருக்குத் தெரியும். மதியத்தில் நான் இடப்பக்க இருக்கையில்தான் உட்காருவேன் என்றும் தெரியும். ஸ்பேனர்களைத் துடைத்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"உன்னக் கொல்லப் பாத்துட்டான். அத நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரமாட்டீங்குது. மன்னிச்சுக்க சாமி."

ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு விதத்தில் இதைச் சொல்கிறார். ஒவ்வொரு நாளும் நான் தலையசைக்கிறேன்.

ஜூலை 26

எழுதிவிடுகிறேன். கையெழுத்து மோசமாக இருந்தால் இருக்கட்டும்.

அன்று காலையிலிருந்து தூறல். காத்திருந்தபோது நோட்டில் ஈரம் பட்டது. துடைத்தேன், போதவில்லை. பன்னிரண்டாம் பக்கம் முடிந்து திருப்பியபோது இரண்டு தாள் ஒன்றாகத் திரும்பின. பதின்மூன்றாம் பக்கத்தின் முதல் வரி: "வலது ரெண்டு, வெளிப்பக்கம் பள்ளம்." நான் அதைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தது அதற்கு அடுத்த பக்கத்தின் "இடது அஞ்சு." அதைத்தான் சத்தமாக, தெளிவாக, சரியான நேரத்தில் வாசித்தேன்.

பனி. அவனுக்குப் பாதை தெரியவில்லை. அவனுக்கு என் குரல் மட்டும்தான்.

அவன் யார் பேச்சையும் கேட்கமாட்டான் என்கிறார்கள்.

கேட்டான். அதனால்தான்.

ஜூலை 27

ஞாயிறு. லிங்கண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பட்டறைக் கதவை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டேன். தெருவில் கிரிக்கெட். நல்ல வெயில்.

பன்னிரண்டாம் பக்கம் வரை வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஸ்டியரிங் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம், சொன்ன பக்கம் நகர்ந்தது. இதை நான் இப்போது சாதாரணமாக எழுதுகிறேன்.

பக்கம் முடிந்தது. மூச்சு உள்ளே போய் நின்றது.

சரியான வரியைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு, எல்லாம் தெரிந்த பிறகு, அவன் என்ன செய்வான் என்று.

"இடது அஞ்சு."

ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்பியது. மென்மையாக. ஒரு கணம்கூடத் தயங்காமல்.

ஹெட்செட்டைக் கழற்றி, பட்டறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 2

இன்ஜின் ஓடுகிறது. முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. மஞ்சுளாக்கா நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்தார். லிங்கண்ணன் முகத்தில் ஒரு வருடமாக நான் பார்க்காத சிரிப்பு. உடனே போய்விட்டது.

"பத்தாந்தேதி நீயும் நானும் கருமுட்டி போறோம். எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டருகிட்டச் சொல்லிட்டேன். நான் ஓட்டறேன். நீ அன்னைக்குப் படிச்ச மாதிரியே படி."

"எதுக்குங்ணா?"

"அவன் எந்த எடத்துல உன்ற பேச்சக் கேக்காமப் போனான்னு நான் பாக்கோணும். பாத்துட்டா, திதி குடுக்கறதா வேண்டாமான்னு ஒரு முடிவுக்கு வந்துருவேன். நோட்டு இல்லீன்னாப் பரவால்ல. உனக்கு மனப்பாடமா இருக்குமில்ல."

"இருக்குங்ணா."

ஆகஸ்ட் 5

சொல்ல மூன்று முறை போனில் அழைத்தேன். மூன்று முறையும் எடுத்தார். மூன்று முறையும் ஆயில் ஃபில்டர் பற்றிப் பேசினேன்.

ஆகஸ்ட் 9

என் பயம் அவர் என்ன சொல்வார் என்பது அல்ல. என் வாய் என்ன சொல்லும் என்பது.

ஆகஸ்ட் 10

விடிந்ததும் கிளம்பினோம். வண்டி நன்றாக ஓடியது. வழியில் இட்லி. "நல்ல வண்டி அம்மிணி. கோவக்கார வண்டி, ஆனா நல்ல வண்டி" என்றார்.

கருமுட்டியில் அதே பனி. எஸ்டேட் வாயிலில் நிறுத்தி இருவரும் ஹெட்செட் மாட்டிக்கொண்டோம். டேப் சுற்றியது அவர் காதில். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அவர் அதைப் பார்த்தார். ஈரம் பட்டுக் காய்ந்த அட்டை.

"படி."

"நேர் எண்பது, வலது நாலு."

முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாகத்தான் ஓட்டினார். பிறகு அவருக்கு அது பிடிபட்டது. நான் சொல்லச் சொல்லத் திருப்பினார். வேகம் ஏறியது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. தேயிலை வரிசைகள் திடீரென்று வந்து திடீரென்று போயின. மெதுவாக என்று சொல்ல நினைத்தேன். நோட்டில் இருப்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை.

ஹெட்செட்டில் அவர் மூச்சு கேட்டது. என் மூச்சு. எண்ணிப் பார்த்தேன். மூன்று.

பன்னிரண்டாம் பக்கம். கடைசி வரி. தாளைத் திருப்பினேன். மூன்றாவது மூச்சு உள்ளே போய் நின்றது.

என் நாக்கு "இ" என்று தொடங்கிவிட்டது. லிங்கண்ணன் கை இடப்பக்கம் அசைவதைப் பார்த்தேன்.

"வலது ரெண்டு! வெளிப்பக்கம் பள்ளம்! வலது, வலது!"

பிரேக். சரளை இரைந்தது. வண்டி பின்பக்கம் வழுக்கி, உலுக்கி, வலப்பக்கம் திரும்பி நின்றது. என் ஜன்னலுக்கு வெளியே தரை இல்லை. கீழே சில்வர் ஓக் மரங்களின் உச்சிகள் பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன.

அவர் இன்ஜினை நிறுத்தினார். "இந்த எடந்தானா?" என்றார்.

"ஆமாங்ணா."

"இதேதான் அன்னைக்குஞ் சொன்னியா?"

"இல்லீங்ணா."

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"இடது அஞ்சுன்னு சொன்னேன். ரெண்டு பக்கம் சேந்து திரும்பிருச்சு. நான் பாக்கல."

"அவன்?"

"திருப்பினான்."

"யோசிக்கலையா? பிரேக்குல கால் வெக்கலையா?"

"இல்லீங்ணா. நான் சொன்னதும் திருப்பினான்."

பனி விலகியது. எங்கோ லாரி ஒன்று கியர் மாற்றியது.

"ஒரு வருசம்" என்றார். குரல் உயரவில்லை. "தெனமும் உங்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். நீ தலையாட்டுன."

"ஆமாங்ணா."

"அவன அட்டாலில போட்டு வெச்சேன்." ஹெட்செட்டைக் கழற்றினார். மடியில் வைத்து அந்த டேப்பைக் கட்டைவிரலால் தடவினார். "பெத்தவன் பேச்சக் கேக்கல. என்ற பேச்சக் கேக்கல. உன்ற பேச்ச மட்டும் கேட்டிருக்கறான்."

நான் மன்னியுங்கள் என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஹெட்செட்டில் என் குரல் எனக்குக் கேட்கவில்லை. வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மூச்சு எதுவும் இல்லை.

"எறங்கு" என்றார்.

அவர் பக்கக் கதவு வழியாகத்தான் இறங்க முடிந்தது. அவர் எழுந்து வழிவிட்டார், என் கையைப் பிடித்து இறக்கினார், உடனே விட்டுவிட்டார். வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, வந்த வழியே போனார். வேகமாகப் போகவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக் விளக்கு எரிந்தது. வண்டி ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பியது. யாரோ சொல்வதற்காகக் காத்திருந்து திரும்புகிறவர் மாதிரி. தலை காலியான இடப்பக்க இருக்கையை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருந்தது.

செக்போஸ்ட் வரை நான்கு கிலோமீட்டர் நடந்தேன். மூன்றரைக்குப் பொள்ளாச்சி பஸ் வந்தது. ஏறி டிக்கெட் எடுத்தேன்.